கட்டப்படாத குவிமாடத்தின் படம்: துபெராக்கின் செப்பு அச்சுகளும் புனித பேதுரு பேராலயமும்

1569-ஐ ஒட்டி, ரோமில் வாழ்ந்த எத்தியென் துபெராக் என்ற பிரெஞ்சுக்காரர் புனித பேதுரு பேராலயத்தை மூன்று செப்புத்தகடுகளில் செதுக்கி அச்சிட்டார். ஒன்று தரைப்படம். இன்னொன்று தெற்கிலிருந்து தெரியும் வெளித்தோற்றம். மூன்றாவது கட்டடத்தை நீளவாக்கில் அறுத்து உள்ளே காட்டும் வெட்டுத்தோற்றம். மைக்கலாஞ்சலோ புனைந்தது, துபெராக் செய்தது என்று லத்தீனில் அவற்றிலேயே எழுதியிருக்கிறது.

வெளித்தோற்றத்தை எடுத்துக்கொண்டு வத்திக்கான் தோட்டப் பக்கம் போய் நின்றால் சிக்கல் தெரிந்துவிடும். சுவர்களை ஒட்டிய பெருந்தூண்கள் பொருந்துகின்றன. குவிமாடத்தைத் தாங்கும் உருளைக் கழுத்தும், அதைச் சுற்றி நிற்கும் இரட்டைத் தூண்களும் பொருந்துகின்றன. அதற்கு மேலே பார்வை ஏறியதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. படத்தில் இருப்பது சுத்தமான அரைக்கோளம். கட்டடத்தில் இருப்பதோ அதைவிடச் சில மீட்டர் உயர்ந்து, முட்டை முனைபோல மேலெழும் குவிமாடம். சிறு குவிமாடங்கள் வேறு மாதிரி. கிழக்கு முகப்பு அடியோடு வேறு.

அப்படியானால் துபெராக் எதைப் பார்த்துச் செதுக்கினார்? மைக்கலாஞ்சலோவின் கடைசி முடிவையா, ஒரு மரமாதிரியையா, அவருக்குப் பின் வந்தவர்களின் திருத்தத்தையா? கலை வரலாற்றாசிரியர்கள் நூறாண்டாக மல்லுக்கட்டும் கேள்வி இது. ஒரே அச்சின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு அளவு நம்பகம் உண்டு என்பது என் கட்சி. முழுதாக நம்புகிறவர்களும் முழுதாகத் தள்ளுகிறவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்.

முதல் நாற்பது ஆண்டுகள், சுருக்கமாக

நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் காலத்தில் எழுந்த பழைய பேராலயத்தை இடித்துவிட்டுப் புதியதைக் கட்ட, 1506 ஏப்ரல் 18 அன்று போப் இரண்டாம் ஜூலியஸ் அடிக்கல் நாட்டினார். கட்டடக் கலைஞர் பிரமாந்தே. அவருடைய வடிவம் மக்களை எட்டியது அந்த ஆண்டு வார்த்த ஒரு பதக்கத்தின் வழியாக. 1514-இல் பிரமாந்தே இறந்தார், அடுத்துப் பொறுப்பேற்ற ரஃபேல் 1520-இல் இறந்தார். பிரமாந்தே எண்ணியிருந்த குவிமாடம் என்று ஒரு மரக்கட்டை அச்சை 1540-இல் வெனிசில் கட்டடக் கலைஞர் செர்லியோ தம் நூலில் வெளியிட்டார். அதுவும் அரைக்கோளம்தான். அதில் ஒரு கல்கூட ஏறவில்லை. இந்தக் கோயிலைப் பொறுத்தவரை கட்டடத்துக்கு முன்னால் படம் வருவது அப்போதே பழக்கமாகிவிட்டது.

சாங்காலோவின் மரமாதிரியும் அதன் அச்சுகளும்

துபெராக்கைப் புரிந்துகொள்ள அவருக்கு இருபது ஆண்டுகள் முந்தைய இன்னொரு அச்சு வரிசையைப் பார்த்தாக வேண்டும்.

ரஃபேலுக்குப் பின் பொறுப்பிலிருந்த இளைய அந்தோனியோ தா சாங்காலோ, 1539 முதல் 1546 வரை ஒரு பிரம்மாண்டமான மரமாதிரியைச் செய்வித்தார். உண்மை அளவில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நீளம் 7 மீட்டருக்கு மேல், உயரம் நாலரை மீட்டருக்கு மேல். தச்சு வேலையை நடத்தியவர் அவருடைய உதவியாளர் அந்தோனியோ லபாக்கோ. தச்சுக்கும் மரத்துக்கும் மட்டும் 4,184 ஸ்கூடி (அக்கால ரோம நாணயம்) செலவானதாக, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி சொல்கிறார். இன்றும் அது வத்திக்கானில் பத்திரமாக இருக்கிறது.

இவ்வளவு செலவில் மாதிரி எதற்கு? விளக்கிக் காட்டுவதற்கு மட்டும் இருக்காது. ஒரு போப்பின் ஆயுளில் முடியாத வேலை இது. அடுத்து வரும் கலைஞன் மாற்றிவிடாமல் அவன் கையைக் கட்டிப்போடவும்தான் என்று நினைக்கிறேன். நடந்தது நேர் எதிர். 1546 ஆகஸ்டில் சாங்காலோ இறந்தார். போப் மூன்றாம் பால், எழுபது வயதைக் கடந்த மைக்கலாஞ்சலோவைக் கொண்டுவந்தார்.

அந்த மாதிரியை மைக்கலாஞ்சலோவுக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. அந்நாட்களில் அவர் எழுதிய ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. பிரமாந்தேயின் தரைப்படம் தெளிவானது, ஒளி நிறைந்தது என்று புகழ்ந்துவிட்டு, சாங்காலோ வெளியே சேர்த்த சுற்றுப்பாதை அந்த ஒளி முழுவதையும் பறித்துவிடுகிறது என்கிறார். அத்தோடு விடவில்லை. அந்த இருட்டு மூலைகள் தலைமறைவுக் குற்றவாளிகள் ஒளியவும் கள்ளநாணயம் அடிக்கவும் தோதானவை, இரவில் கோயிலைப் பூட்டும்போது உள்ளே யாராவது பதுங்கியிருக்கிறார்களா என்று தேட இருபத்தைந்து ஆட்கள் வேண்டும் என்று போகிறது. கட்டடக்கலை விமர்சனத்தில் இவ்வளவு வெளிப்படையான கிண்டலை அடிக்கடி படிக்க முடியாது. சாங்காலோவின் ஆட்கள் வசாரியின் நூலிலும் உதை வாங்குகிறார்கள். அந்த மாதிரி ஒருபோதும் தீராத மேய்ச்சல் புல்வெளி என்று அவர்கள் சொல்ல, ஆமாம், கலை தெரியாத ஆடுமாடுகளுக்கு என்றாராம் இவர். பதிலுக்கு அவர் செய்து காட்டிய மாதிரி பதினைந்து நாளில், 25 ஸ்கூடியில் முடிந்தது.

இனி அச்சுக்கு வருவோம். சாங்காலோவின் மாதிரியைத் தரைப்படம், வெளித்தோற்றம், வெட்டுத்தோற்றம் என்று காட்டும் பெரிய செப்பு அச்சுகள் 1546-க்கும் 1549-க்கும் இடையில் வெளிவந்தன. வெளியிட்டவர் ரோமின் பெரிய அச்சு வணிகர் அந்தோனியோ சலமான்கா. படங்களுக்குப் பொறுப்பு அதே லபாக்கோ. ஆண்டுகளைக் கவனியுங்கள். வரிசை வெளிவந்து முடிவதற்குள் மைக்கலாஞ்சலோ அந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டிருந்தார். சாங்காலோ எழுப்பிய வெளிச்சுற்றில் ஒரு பகுதியை இடிக்கவும் செய்தார். அதாவது, செத்துப்போன திட்டத்தின் படங்கள் கடைக்கு வந்துகொண்டிருந்தன. ஏழாண்டு உழைப்பு வீணாகிப்போன ஒரு தலைமைத் தச்சரின் ஆதங்கம் அதில் இருந்திருக்கும். பேராலய வேலையில் பதவியிலிருந்த சாங்காலோ கோஷ்டியின் வழக்கறிக்கையாகவும் அது பயன்பட்டிருக்கும்.

படங்களைப் பார்த்தால் மைக்கலாஞ்சலோவின் எரிச்சல் புரிகிறது. முகப்பில் இரண்டு உயரமான மணிக்கோபுரங்கள். அடுக்கடுக்காகச் சிறிய தூண்வரிசைகள். குவிமாடத்தின் கழுத்தைச் சுற்றி இரண்டு நிலைகளில் வளைவுகள். ஒவ்வொரு பகுதியும் திறமையான வேலை, மொத்தத்தில் கண்ணுக்கு நிற்க இடமில்லை. ஆனால் இந்த அச்சுகளில் ஒரு நல்ல குணம் உண்டு. மாதிரி பிழைத்திருப்பதால் படத்தையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம். துபெராக் விஷயத்தில் அந்த வசதி பாதிதான் இருக்கிறது.

தகடு, கடை, யாத்திரிகர்

செப்பு அச்சின் வேலைமுறை தெரிந்தால் சான்றாக அதன் பலமும் பலவீனமும் விளங்கும். மெருகேற்றிய செம்புத் தகட்டில் கூர்முனை உளியைத் தள்ளிக் கோடு கீறுவார்கள். அல்லது மெழுகு பூசி, ஊசியால் வரைந்து, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். படம் இடவலம் மாறி விழும் என்பதால் எழுத்தை எல்லாம் தலைகீழ் பிம்பமாகவே வெட்ட வேண்டும். தகட்டின் மேல் மையைத் தேய்த்து, பரப்பைத் துடைத்துவிட்டால் கீறலில் மட்டும் மை தங்கும். நனைத்த தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தினால் தாள் அந்த மையை இழுத்துக்கொள்ளும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். கரியால் வரையும் கலைஞன் ஒரே குவிமாடத்துக்கு மூன்று கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, எது என்று முடிவு செய்யாமலே தாளை மூடி வைக்கலாம். மைக்கலாஞ்சலோ அப்படித்தான் செய்தார். செதுக்குபவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தகட்டில் ஒரு கோடு. அதுதான் கட்டடம்.

வாங்கியவர்கள் யார்? ரோமுக்கு வந்த யாத்திரிகர்கள், தூதர்கள், வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள், சேகரிப்பாளர்கள். 1550-உம் 1575-உம் யூபிலி ஆண்டுகள், அதாவது யாத்திரைக்கென்று போப் அறிவிக்கும் புனித ஆண்டுகள், அந்த ஆண்டுகளில் கூட்டம் கேட்க வேண்டாம். சலமான்காவோடு 1553-இல் கூட்டுச் சேர்ந்த அந்தோனியோ லஃப்ரேரி, ரோமின் பழைய, புதிய கட்டடங்களைக் காட்டும் தனித்தாள்களைக் கடையில் அடுக்கி வைத்து விற்றார். வேண்டியதைப் பொறுக்கி எடுத்துத் தைத்துக்கொள்வது வாங்குபவர் விருப்பம். அதனால்தான் அந்தத் தொகுப்புகளில் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல இருப்பதில்லை. அவற்றிலும் சாங்காலோவின் பேராலயம் இடம்பெறுவது உண்டு, திட்டம் கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும். தகடு தேயும்வரை வணிகர் ஏன் நிறுத்தப்போகிறார்?

துபெராக்கின் தகடுகளைப் பகுதி பகுதியாகப் பார்த்தால்

மைக்கலாஞ்சலோ 1564 பிப்ரவரி 18 அன்று இறந்தார். அப்போது கழுத்து ஏறத்தாழ முடிந்திருந்தது, குவிமாடம் தொடங்கவில்லை. துபெராக்கின் மூன்று அச்சுகளில் தரைப்படத்தில் மட்டும் 1569 என்ற ஆண்டு இருக்கிறது. மற்ற இரண்டும் அதே காலம் என்று கொள்வது வழக்கம். ஆக, கலைஞர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு. இடையில் கட்டடக் கலைஞர் பிர்ரோ லிகோரியோ பொறுப்புக்கு வந்து, மைக்கலாஞ்சலோவின் வடிவத்தை மாற்றப் பார்த்தார் என்று விலக்கப்பட்டிருந்தார். அவருடன் இருந்த விக்னோலா 1573 வரை தொடர்ந்தார். இத்தனை கைகள் புகுந்த இடம் என்பதை மறக்கக்கூடாது.

கழுத்தைப் பற்றிச் சண்டையில்லை. துபெராக் அதை நேரில் பார்த்திருக்கலாம், பதினாறு சன்னல்களோடும் அவற்றுக்கு இடையே முன்துருத்தும் இரட்டைத் தூண்களோடும். இன்றைய கட்டடத்தோடு ஒத்துப்போகிறது. இங்கே அச்சு சாட்சி.

அடுத்தது பெருந்தூண்களுக்கு மேலே, கூரையை மறைத்து ஓடும் மேல்சுவர். இது விவகாரமானது. துபெராக்கில் அது அலங்காரமாக, கீழே உள்ள தூண்களின் தாளத்தைத் தொடரும் பட்டைகளோடு இருக்கிறது. இன்றைய கட்டடத்திலும் அப்படித்தான். ஆனால் 1564-இல் வின்சென்சோ லூக்கினோ வெளியிட்ட ஓர் அச்சு, தெற்கு அரைவட்டப் பகுதியைக் காட்டுகிறது. அதில் மேல்சுவர் வெறும் சுவர். ஆழமான வளைவுச் சன்னல்கள் மட்டும், பட்டையும் இல்லை, பூவேலையும் இல்லை. கலை வரலாற்றாசிரியர்கள் ஹென்றி மில்லனும் கிரெய்க் ஸ்மித்தும் 1960-களின் இறுதியில் இதை எடுத்து விரிவாக ஆராய்ந்தார்கள். மைக்கலாஞ்சலோ உயிரோடிருந்தபோது கட்டியது அந்த மொட்டைச் சுவர்தான் என்பது உறுதியானது. பின்னர் வந்த அலங்காரம் லிகோரியோவுடையது என்பது அவர்கள் வாதம். இல்லை, மைக்கலாஞ்சலோவே கடைசியில் மனம் மாறியிருப்பார் என்போரும் உண்டு. எப்படியிருந்தாலும், மைக்கலாஞ்சலோ புனைந்தது என்ற வாசகத்தை அந்தச் சுவர்வரை நீட்ட முடியாது. துபெராக்கை மடக்கிப் பிடிப்பதும் இன்னொரு அச்சுதான் என்பது ரசிக்கத் தக்கது.

சிறு குவிமாடங்களிலும் இதே கதை. படத்தில் இருப்பவை விக்னோலாவின் கை என்று கருதுவோர் உண்டு. கட்டப்பட்டவை இரண்டே இரண்டு, அவை பின்னால் வந்த ஜாகோமோ தெல்லா போர்த்தாவின் வடிவம்.

பெரிய குவிமாடத்தில்தான் எல்லாரும் நின்றுபோகிறார்கள். சான்றுகளை எடுத்து வைப்போம். 1547 ஜூலையில், பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, ஃபுளோரன்ஸ் பேராலயக் குவிமாடத்தின் உயரத்தை அளந்து அனுப்பும்படி மைக்கலாஞ்சலோ தம் தம்பி மகன் லியோனார்தோவுக்கு எழுதினார். அது கூர்ந்து உயரும் குவிமாடம். ஹார்லெமின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்திலும் ஃபிரான்சின் லீல் நகரிலும் இருக்கும் அவருடைய வரைபடங்களில், உள்ளும் வெளியுமாக இரண்டு ஓடுகள் கொண்ட குவிமாடத்தின் வெளி ஓடு அரைக்கோளத்தைவிட உயர்ந்து போகிறது. ஆக, தொடக்கத்தில் அவர் மனம் உயரத்தின் பக்கம்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது மரமாதிரி. எங்கே செத்துப்போய்விடுவாரோ என்று நண்பர்கள் நச்சரித்ததால் 1558 முதல் 1561 வரை கழுத்துக்கும் குவிமாடத்துக்கும் பெரிய மாதிரி செய்தார்கள், பதினைந்தில் ஒரு பங்கு அளவில். அதுவும் பிழைத்திருக்கிறது. ஆனால் மேலே பாதி வசதி என்று சொன்னது இதனால்தான்: அதன் வெளி ஓடு பிற்காலத்தில், கட்டப்பட்ட குவிமாடத்துக்கு ஏற்ப மாற்றப்பட்டுவிட்டது. முக்கியமான சாட்சியின் வாக்குமூலத்தில் வேண்டிய பக்கம் மட்டும் திருத்தப்பட்டிருக்கிறது. இருந்தாலும் மாதிரியைப் பழைய நிலையில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜோவான்னி அந்தோனியோ தோசியோவின் வரைபடங்கள் ஃபுளோரன்சின் உஃபிசி அருங்காட்சியகத்தில் உள்ளன. பிரெஞ்சு வரைவாளர்கள் ரோமில் அளந்து வரைந்த தாள்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. இவற்றையும் சேர்த்து எடைபோட்டு, மாதிரி அரைக்கோளமாகவே இருந்தது, அதுவே மைக்கலாஞ்சலோவின் கடைசி எண்ணம், உயர்த்தியது தெல்லா போர்த்தா என்று கலை வரலாற்றாசிரியர் ருடால்ஃப் விட்கோவர் 1930-களில் வாதாடினார். அந்தக் கருத்துக்குப் பெரிய ஆதரவு கிடைத்தது. மாற்றுக்கட்சியும் ஓயவில்லை.

என் கணக்கு இது. 1561 மாதிரியை துபெராக் நேர்மையாகவே காட்டுகிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாதிரி வேறு, முடிவு வேறு. மைக்கலாஞ்சலோ வேலை நடக்கும்போதே மாற்றுகிற ஆள். கல் ஏறும்வரை அவரிடம் எதுவும் முடிவல்ல. இன்னும் மூன்றாண்டு உயிரோடு இருந்து குவிமாடத்தைத் தொடங்கியிருந்தால் அரைக்கோளத்திலேயே நின்றிருப்பாரா என்பதற்கு எந்த அச்சும் பதில் சொல்லாது. "மைக்கலாஞ்சலோவின் குவிமாடம் எப்படி இருந்திருக்கும்" என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்கிறது என்ற எண்ணமே, அந்தத் தகட்டில் ஒரே கோடு இருப்பதால் வந்ததோ என்றுகூடத் தோன்றுகிறது.

படம் கட்டளையாகும்போது

தெல்லா போர்த்தாவும் தொமெனிகோ ஃபோந்தானாவும் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸின் அவசரத்தில் 1588 ஜூலை முதல் 1590 மே வரை, இரண்டாண்டுக்கும் குறைவான காலத்தில் குவிமாடத்தை முடித்தார்கள். உள்விட்டம் சுமார் 42 மீட்டர். உச்சிச் சிலுவைவரை உயரம் சுமார் 136 மீட்டர். ஏன் உயர்த்தினார்கள்? கட்டுமானக் காரணம் வலுவானது. தட்டையான குவிமாடம் தன்னைத் தாங்கும் சுவரை வெளிப்பக்கமாக அதிகம் தள்ளும், உயர்ந்தது குறைவாகத் தள்ளும். உயர்த்தியும்கூட விரிசல் விட்டது. 1740-களில் கணித அறிஞர் ஜோவான்னி பொலேனி வந்து, தொங்கும் சங்கிலியைத் தலைகீழாக்கி விசை ஓடும் பாதையைக் கணக்கிட்டு, கூடுதல் இரும்பு வளையங்கள் பூட்டச் செய்தார். அரைக்கோளமாகவே கட்டியிருந்தால் அந்த வளையங்களுக்கு இன்னும் முன்பே வேலை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பேராலயத்தில் துபெராக் தோற்றார். ஆனால் நதிக்கு அக்கரையில், வேறொரு இடத்தில் ஜெயித்தார். ரோமின் கம்பிதோலியோ குன்றின் மேலுள்ள சதுக்கத்துக்கு மைக்கலாஞ்சலோ வகுத்த வடிவத்தை 1568-69-இல் அவரே அச்சாக்கியிருந்தார். நீள்வட்டத்துக்குள் நட்சத்திரம்போலப் பின்னி விரியும் தரைக்கோலம் அதில் இருக்கிறது. அந்தத் தரை போடப்படவே இல்லை. 1940-இல், முசோலினி ஆட்சியில், அந்த அச்சைப் பார்த்துத்தான் போட்டார்கள். இன்று அங்கே நடக்கிற சுற்றுலாப் பயணி மைக்கலாஞ்சலோவின் தரையில் நடப்பதாக நினைக்கிறார். முந்நூற்று எழுபது ஆண்டு காத்திருந்த ஒரு தாளின்மேல் நடக்கிறார் என்பதுதான் சரி.

முகப்பின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். துபெராக்கின் தரைப்படத்தில் கிழக்கே பத்துத் தூண்கள் கொண்ட வரிசை, அதற்கு முன்னால் நான்கு, ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியோனின் வாசலை நினைவூட்டும் மண்டபம். அதற்கு அங்கே அஸ்திவாரம்கூட இல்லை, பழைய கோயிலின் பாதி இன்னும் நின்றுகொண்டிருந்தது. போப் ஐந்தாம் பால் 1605-க்குப் பின் அதை இடிக்கச் செய்தார். 1607-இல் கார்லோ மதெர்னோ நீண்ட நடுக்கூடத்தைச் சேர்க்கத் தொடங்கினார், நான்கு கைகளும் சமமாக இருந்த சிலுவை வடிவமும் மாறிப்போனது. குவிமாடம் சதுக்கத்திலிருந்து பாதி மறைந்ததும் இதனால்தான்.

1613-இல் மத்தேயுஸ் கிராய்ட்டர் மதெர்னோவின் முகப்பைப் பெரிய செப்பு அச்சாக வெளியிட்டார். இருபுறமும் இரண்டு மணிக்கோபுரங்கள், சாங்காலோவின் அச்சில் நின்றவைபோலவே, முடிந்துவிட்டவைபோலத் துல்லியமாக. அவை முகப்பின் உயரத்தைத் தாண்டி எழவில்லை. பின்னால் வந்த கட்டடக் கலைஞர் பெர்னினி தெற்குப் பக்கத்தில் ஒன்றை எழுப்பிப் பார்த்தார், கீழே விரிசல் விட்டது, 1646-இல் அதையும் பிரித்து இறக்கினார்கள்.